கனடா மீனுக்குத் திண்டுக்கல் இரை

மாமனார் வீட்டு வாசப்படியை இந்த ஜென்மத்தில் மிதிப்பதில்லை என்று ஸ்டான்லி சத்தியம் செய்திருந்தார். சும்மா வாய்ச் சத்தியம் இல்லை. நடுக்கூடத்தில், மாதா படத்துக்கு முன்னால், மெழுகுவர்த்தி எரிய எரியச் செய்த சத்தியம். அன்றைக்குக் கரண்ட் போயிருந்ததால்தான் மெழுகுவர்த்தி எரிந்தது என்பது அவருடைய மனைவி சகாயசெல்வியின் கட்சி.

காரணம் லேசுப்பட்டதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் கொழுந்தியாள் கல்யாணத்தில் மூத்த மருமகனான அவரை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். அதுவும் பேண்டு செட்டுக்காரர்களுக்கு நடுவில். இந்தப் பக்கம் டிரம், அந்தப் பக்கம் கிளாரினெட். லெக் பீஸ் கேட்டவர் இலையில் கோழிக் கழுத்து வந்து விழுந்தது. தன் கழுத்தையே அறுத்துப் போட்டது மாதிரி இருந்தது ஸ்டான்லிக்கு.

அதிலிருந்து மாமனார் ஊரான பாலசமுத்திரத்தில் என்ன விசேஷம் நடந்தாலும் செல்வி தனியாகத்தான் போய் வந்தாள். "மாப்பிள்ளை வரலியாத்தா?" என்று யாராவது கேட்பார்கள். அவள் ஒரு நோயைச் சொல்லுவாள். டைபாய்டு, மலேரியா, மஞ்சள்காமாலை எல்லாம் முடிந்து, போன தடவை அம்மை போட்டிருக்கிறது என்றாள். இனிமேல் சொல்லுவதற்கு நோய் பாக்கியில்லை. ஒவ்வொரு விசேஷத்திலும் மருந்தும் விபரமும் கேட்டுக் கிழவிகள் சூழ்ந்துகொள்ள, சாப்பிட்டதுகூடத் தெரியாமல் அவள் பஸ் ஏறி வந்துவிடுவாள். இதையெல்லாம் அவள் ஸ்டான்லியிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்கப் போவதில்லை.

இந்த நேரத்தில்தான் அவள் தம்பி சூசைநாதனுக்குப் பெண் முடிவானது. சூசைக்குக் கனடாவில் கம்ப்யூட்டர் வேலை. தை மாதம் ஊருக்கு வருகிறான். பாலசமுத்திரத்தில் நிச்சயதார்த்தம்.

"ஏங்க, இந்தத் தடவையும் நீங்க வரலைன்னா பொண்ணு வீட்டுல என்ன நெனைப்பாக? மூத்த மாப்ள இருக்காரா, ஓடிப்போயிட்டாரான்னு கேப்பாக."

"ஓடிப்போயிட்டான்னு சொல்லு."

"தேதியையாச்சும் கேட்டுக்கங்க. தை மாசம்..."

ஸ்டான்லி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சொல்லாத! தேதி தெரிஞ்சா மனசு எளகிரும். அது என் காதுல விழவே கூடாது!"

"நெசமாவே சொல்லக் கூடாதா?"

"மூச்சு விடக் கூடாது!"

"சரி, விடல" என்றாள் செல்வி. இவ்வளவு சுலபத்தில் அவள் ஒத்துக்கொண்டது இதுவே முதல் தடவை. அதைத் தன்னுடைய வெற்றி என்று ஸ்டான்லி எடுத்துக்கொண்டார்.

திண்டுக்கல் நாகல் நகரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார் ஸ்டான்லி. எரிந்துபோன மோட்டாரை எல்லாம் ஓட வைப்பார். வீட்டில் மட்டும் அவருடைய கரண்ட் பாய்வதில்லை. ஆனால் அவருக்கு இன்னொரு பெருமை இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குளத்தங்கரையில் தூண்டில் போட்டவர். அந்த நாளில் தான் பிடித்த விராலைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் கைகளை அகல விரிப்பார். வருஷத்துக்கு வருஷம் கை அகலமாகிக்கொண்டே போனது. சமீபத்தில் சொன்னபோது ஒரு கை சுவரில் இடித்துவிட்டது.

மார்கழிக் கடைசியில் ஒரு நாள் காலை கனடாவிலிருந்து போன் வந்தது. செல்வி எடுத்துப் பேசிவிட்டு, "உங்ககிட்டத்தான் பேசணுமாம்" என்று ரிசீவரை நீட்டினாள்.

"அத்தான், நல்லா இருக்கீங்களா? ஒரு உதவி வேணும். வேற யார்கிட்டயும் கேக்க முடியாது."

ஸ்டான்லி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லு மாப்ள."

"இங்க ஏரி பூராவும் ஒறஞ்சு கெடக்கு அத்தான். அது மேல காரே ஓட்டுறானுக. ஐஸ்ல ஒரு ஓட்டையப் போட்டு, ஸ்டூலப் போட்டு உக்காந்து, ஓட்டைக்குள்ள தூண்டில விட்டு ரெயின்போ ட்ரௌட் பிடிக்கிறானுக. ஆபீஸ்ல அத்தன பேரும் பிடிச்சுட்டான். எனக்கு மட்டும் ஒண்ணும் சிக்கல. சோளம் போடுங்கான், சீஸ் போடுங்கான், என்னமோ கலர் மாவு போடுங்கான். எல்லாம் போட்டாச்சு. நம்ம ஊரு எரையில எது போட்டா கடிக்கும்? நீங்கதான் மீன் விஷயத்துல மன்னன்."

கடைசி வார்த்தையை ஸ்டான்லி இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"நான் தை மாசம் வாரப்ப ரெடியா இருந்தா, போறப்ப எடுத்துட்டுப் போயிருவேன். பங்குனி வரைக்கும் இங்க ஐஸ் இருக்கும் அத்தான்."

"நீ வா மாப்ள. அம்புட்டு வெள்ளைக்காரனும் உன் ஓட்டைய எட்டிப் பாக்குற மாதிரிப் பண்ணிருவோம்."

போனை வைத்ததும் செல்வி கேட்டாள். "என்ன மீனாம்?"

"ட்ரௌட்டு."

"ட்ரவுசரா?"

"ட்ரௌட்டு! வானவில் கலர் மீனு. மாமனார் வீட்டோடதான எனக்குச் சண்டை. சூசை பச்சப்புள்ள. அவன் வேற."

"அவன் உங்களுக்கு ஐஸ் வைக்கிறான்."

"ஐஸ் மேல நிக்கிறவன் ஐஸ்தான் வைப்பான். நீ போயி பெருங்காயத்த எடு."

அன்றைக்குத் தொடங்கியது ஆராய்ச்சி. முதலில் பிரௌசிங் சென்டரில் போய் அந்த மீனின் முகத்தைப் பார்த்தார். விலாவில் ரோஸ் கலரில் பட்டை போட்டிருந்தது. பிறகு அடுப்படிக்குள் நுழைந்தார். கடலைப் புண்ணாக்கு, கேப்பை மாவு, கருவாட்டுத் தூள், கூட்டுப் பெருங்காயம் டப்பாவோடு, கனிந்த வாழைப்பழம் எல்லாவற்றையும் இட்லி மாவுச் சட்டியில் போட்டுப் பிசைந்தார். தெருக்கோடி நாய்கள் எல்லாம் வாசலுக்கு வந்தன. நாற்றத்தை மோந்துவிட்டு எல்லாம் திரும்பிப் போயின.

"சாம்பார்ல பெருங்காயம் இல்ல" என்றார் மத்தியானம் சாப்பிடும்போது.

"கனடாவுல இருக்கு" என்றாள் செல்வி.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் கிளம்பியபோது அவர் புறக்கடையில் மண்புழு தோண்டிக்கொண்டிருந்தார்.

"கோயிலுக்கு வரலியா?"

"எரை தேடுறேன் செல்வி."

"மொதல்ல இறையத் தேடுங்க. எரை தானா கெடைக்கும்."

அவர் காதில் வாங்கவில்லை. அவருடைய கவலையெல்லாம் வேறு. இரை என்னவோ தயார். அது ஐஸுக்கு அடியில் வேலை செய்யுமா? திண்டுக்கல்லில் எந்தக் குளம் உறைந்திருக்கிறது? மழைக்கே நாதியில்லாத குளங்கள்!

பஸ் ஸ்டாண்டு பக்கம் கூல் டிரிங்ஸ் கடை வைத்திருந்த நூர் அகமதுவிடம் போனார். இருவரும் பழைய தூண்டில் கூட்டாளிகள்.

"பாய், எனக்கு ஒரு முழு ஐஸ் பார் வேணும்."

"வீட்டுல விசேஷமா?"

"மீன் பிடிக்க."

நூர் அகமது கல்லாவிலிருந்து எழுந்து வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. "எதுக்கும் வெய்யில்ல நடக்காத ஸ்டான்லி. நான் மூணு சக்கர சைக்கிள்ல அனுப்பி விடுறேன்" என்றார்.

வைக்கோலும் சாக்கும் சுற்றிய ஐஸ் பார் வந்து இறங்கியது. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மார்க்கெட்டிலிருந்து உயிரோடு வாங்கி வந்த நாலு ஜிலேபிக் கெண்டையை விட்டார். அதற்கு மேல் ஐஸ் பாரை மிதக்க விட்டார். நடுவில் ஓட்டை போடக் கடையிலிருந்து டிரில்லிங் மிஷினைக் கொண்டு வந்தார். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார். மங்கி குல்லாவும் மாட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பேச்சாயி மதில் மேல் முகத்தை வைத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா செல்வி, ஒங்க வீட்டுக்காரரு என்ன செய்றாரு?"

"கனடா போயிருக்காருக்கா."

டிரில்லிங் மிஷின் ஐஸில் இறங்கியது. தண்ணீர் மேலே தெறித்தது. சட்டென்று ஒரு நீல வெளிச்சம். மிஷின் நின்றது. வீட்டில் மிக்சி நின்றது. பேச்சாயி வீட்டில் டிவி நின்றது. மதில் மேலிருந்து வந்த வசவு மட்டும் நிற்கவில்லை. ஐஸ் பார் இரண்டாகப் பிளந்து தொட்டியில் விழ, ஸ்டான்லி குல்லாவோடு மல்லாந்து கிடந்தார். நல்லவேளை, ரப்பர் செருப்பு போட்டிருந்தார்.

எழுந்ததும் முதல் வேலையாக இரையைத் தொங்கவிட்டார். விடுவதாக இல்லை அவர். மீன்கள் குளிரில் விறைத்துப்போய் ஒரு மூலையில் சாய்ந்து நின்றன. நெல்லிக்காய் அளவு உருண்டை மூக்குக்கு நேராக ஆடியது. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஃப்யூஸ் மாற்ற அவர் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தபோது தொட்டி காலி. அடுப்படியில் புளி கொதிக்கிற வாசம்.

"செல்வி! என் ஆராய்ச்சி மீனு!"

"ஆராய்ச்சி முடிஞ்சுபோச்சுன்னு நெனைச்சேன். வெஞ்சனத்துக்கு ஒண்ணும் இல்ல."

கோபத்தில் சாப்பிட மாட்டேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் குழம்பை மட்டும் ருசி பார்த்தார். பிறகு மீனையும்.

சாப்பாட்டுக்கு நடுவில் செல்வி சொன்னாள். "நீங்க கோச்சுக்கலைன்னா ஒண்ணு சொல்லவா? அம்மாம்பெரிய உருண்டை எதுக்கு? குளுருல கெடக்குற உசுரு. வாயத் தொறக்கவே சோம்பலா இருக்கும். மார்கழியில விடியக்காலம் உங்கள எழுப்புறேனே, இட்லிச் சட்டியவா மூஞ்சிக்கு நேரா நீட்டுறேன்? ஒரு வாய் காப்பியக் கொண்டுபோயி மூக்குகிட்டப் பிடிப்பேன். எந்திரிச்சிருவீங்க. அது மாதிரி சின்னதா, உப்பா, ஒரு இறால் துண்டு போட்டாப் போதும்."

"இருவது வருசமா தூண்டில் போட்டவன் நானா, நீயா? இறாலாம்! மீனு போயி மீனு வகையத் திங்குமா?"

"பெரிய மீனு சின்ன மீனத் திங்குதே."

"அது ரௌடி மீனு. ட்ரௌட்டு டீசென்ட் மீனு. எனக்கு வேண்டியது எரை இல்ல. எரையச் சோதிக்கிறதுக்கு ஒரு இடம். ஆழமா, சில்லுனு தண்ணி. அதுல நல்ல பெரிய மீனு."

செல்வி பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே யாரிடமோ பேசுகிற மாதிரி சொன்னாள். "அம்புட்டு சில்லுனு தண்ணின்னா எங்க அப்பா தோப்புக் கெணறுதான். மலைத் தண்ணி. கைய விட்டாலே வெறைக்கும். விரால் ஒவ்வொண்ணும்..." சட்டென்று நிறுத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான் ஒண்ணும் சொல்லல. நீங்க அங்க போகக் கூடாது."

"போகக் கூடாதுன்னா?"

"கூடாதுன்னா கூடாதுதான். சத்தியம் பண்ணியிருக்கீங்க. தோப்புலயும் கால் வைக்கக் கூடாது. எங்க அப்பாவுக்கு முன்னாடி தூண்டிலோட போயி நின்னா என் மானம் போயிரும்."

ஸ்டான்லியின் மீசை துடித்தது. போகாதே என்று அவரிடம் ஒரு ஆள் சொல்லுவதா? "வாசப்படிதான் மிதிக்க மாட்டேன்னேன். தோப்புக்கு ஏதுடி வாசப்படி?"

"தோப்புல எங்க அப்பா இருப்பாரே."

"அதுக்காகத்தான் சும்மா இருக்கேன். இல்லைன்னா இன்னைக்கே போயிருவேன்."

அடுத்த வாரம் செல்வி பை கட்டினாள். சூசை நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடக்க வேளாங்கண்ணிக்கு வேண்டுதலாம். அப்பா, அம்மா, தங்கச்சி எல்லோரும் வருகிறார்களாம்.

"வெள்ளிக்கெழம சாயந்தரம் பொறப்படுறோம். சனிக்கெழம பூரா தோப்புல ஈ காக்கா இருக்காது." கதவருகில் நின்று விரலை ஆட்டினாள். "அதுக்காக நீங்க அந்தப் பக்கம் போயிராதீங்க. சொல்லிட்டேன். போனீங்க, நடக்குறதே வேற!"

"என்னடி நடக்கும்?"

"போயிப் பாருங்க, தெரியும்."

அவள் ஆட்டோ ஏறித் தெரு முனை திரும்பியதும் ஸ்டான்லி கொடியில் கிடந்த தூண்டில் பையை எடுத்தார்.

சனிக்கிழமை காலை பழனி பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீட்டு கடைசி வரை காலியாகவே வந்தது. மடியில் இரை டப்பா. சாயம் போன லுங்கி, ஓட்டை பனியன், அதற்கு மேல் ஒரு துண்டு. திருட்டுத்தனமாக மீன் பிடிக்கப் போகிறவன் வேறு எப்படிப் போவது? பசிக்குச் செல்வி வைத்துவிட்டுப் போன புளிச்சோறும் இறால் வறுவலும் டிபன் பாக்ஸில் இருந்தன.

பழனியில் இறங்கி டவுன் பஸ் பிடித்து, பாலசமுத்திரத்துக்கு முன்னாலேயே இறங்கி, வாய்க்கால் வழியாகச் சுற்றி, முள்வேலிக்கு அடியில் நுழைந்து தோப்பின் பின்பக்கம் வந்து சேர்ந்தார். முதுகில் இரண்டு கீறல். எங்கேயோ மைக் செட் பாடிக்கொண்டிருந்தது. பழனிப் பக்கம் எந்த நாள்தான் விசேஷம் இல்லை! பிரியாணி வாசம்கூட வந்தது. பசி வந்தால் இப்படித்தான் மூக்கு ஏமாற்றும் என்று நினைத்துக்கொண்டார்.

கிணறு அகலமானது. கல் படிகள் தண்ணீர் வரைக்கும் இறங்கின. கால் வைத்தார். எலும்பு வரை குளிர்ந்தது. 'இதுதான் கனடா' என்று சொல்லிக்கொண்டு நெல்லிக்காய் உருண்டையை மாட்டி இறக்கினார்.

காத்திருந்தார். மிதப்பு அசையவில்லை. உருண்டையை மாற்றினார். வாழைப்பழம் கூட்டினார். புண்ணாக்கைத் தூவினார். கீழே ஒரு கறுப்பு முதுகு புரண்டது. இரைக்குப் பக்கத்தில் வந்தது. மோந்தது. தெரு நாய்கள் செய்ததையே அதுவும் செய்தது.

மணி ஏற ஏற ஸ்டான்லியின் வீரம் இறங்கியது. சோற்றையாவது சாப்பிடலாம் என்று டிபன் பாக்ஸைத் திறந்தார். இறால் வறுவல் பளபளத்தது. அவர் அதைப் பார்த்தார். சுற்றும்முற்றும் பார்த்தார். யாரும் இல்லை. செல்விக்கு எப்படித் தெரியப்போகிறது? ஒரு சின்னத் துண்டைக் கிள்ளி முள்ளில் மாட்டி, தன் கைக்கே தெரியாத மாதிரி மெல்ல இறக்கினார்.

மிதப்பு காணாமல் போனது. கம்பு வில்லாக வளைந்தது. படியில் ஒரு கால், தண்ணீரில் ஒரு கால் என்று ஸ்டான்லி ஆடினார். இழுத்தார். அது இழுத்தது. லுங்கி ஒரு பக்கம் நழுவியது. கடைசியில் வந்து விழுந்தது விரால். இந்தத் தடவை கையை விரித்துக் காட்டவே வேண்டியதில்லை. அப்படி ஒரு விரால்!

"மாட்டிக்கிச்சுடோய்!" என்று கத்தினார். சந்தோஷத்தில் எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்து, "மாட்டிக்கிச்சு! மாட்டிக்கிச்சு!" என்று மறுபடியும் மறுபடியும் கத்தினார். கிணறு அதை வாங்கி நாலு மடங்காகத் திருப்பிக் கத்தியது.

மைக் செட் நின்றது. காலடிச் சத்தம். தென்னை மரங்களுக்கு நடுவிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். பட்டு வேட்டிகள், பட்டுப் புடவைகள், மல்லிகைப் பூ, வெள்ளை அங்கியில் சாமியார். கிணற்று விளிம்பைச் சுற்றி வட்டமாகத் தலைகள் முளைத்தன. எல்லாத் தலைகளும் கீழே குனிந்து, ஓட்டை பனியனோடு மீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மனிதரைப் பார்த்தன.

முன்னால் நின்றவள் செல்வி. மயில் கழுத்துப் பட்டில் ஜொலித்தாள். கையில் சோப்பு, துண்டு, மடிப்புக் கலையாத வேட்டி சட்டை.

"இவருதான் எங்க வீட்டுக்காரரு" என்று பெண் வீட்டாரிடம் சொன்னாள். "விருந்துக்குத் தன் கையால மீன் பிடிச்சுக் குடுத்தாத்தான் ஆச்சுன்னு பின்பக்கமாவே வந்துட்டாரு. மச்சினன்னா அம்புட்டு உசுரு!"

பெண்ணின் தகப்பனார் உருகிப் போனார். "இப்பிடி ஒரு மருமகன் கெடைக்கக் குடுத்து வைக்கோணுமுங்க" என்று செல்வியின் அப்பா அந்தோணிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்டான்லி மேலே ஏறி வந்து பல்லைக் கடித்தார். "இன்னைக்கா நிச்சயதார்த்தம்?"

"நான் சொல்ல வந்தேனே. நீங்கதான காதப் பொத்துனீங்க?"

"வேளாங்கண்ணி?"

"அடுத்த வாரம் போகணும். பொய் சொன்னதுக்கும் சேத்து வேண்டிக்கிறேன்."

"நான் விசேஷத்துக்கு வரல! மீன் பிடிக்கத்தான் வந்தேன். வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்!"

மாமனார் அந்தோணிமுத்து கை கூப்பினார். "வீட்டுக்குள்ள எதுக்குங்க மாப்ள? பந்தல், மேடை, சாப்பாடு எல்லாம் தோப்புலயே போட்டாச்சுங்க. செல்விதான் இங்கன போடோணும்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. மொதப் பந்தியில மொத எலை உங்களுக்குத்தானுங்க."

கிழவிகள் அவரைச் சூழ்ந்துகொண்டு, அம்மைத் தழும்பே இல்லையே என்று முகத்தைத் தடவிப் பார்த்தார்கள். குளித்து, வேட்டி கட்டி, முதல் இலையில் உட்கார்ந்தார் ஸ்டான்லி. பக்கத்தில் சூசை. ஒன்றாவது தன் கையில் இருக்கிறதே என்ற தெம்பில் அவர் ஆரம்பித்தார்.

"மாப்ள, எரைய முடிவு பண்ணிட்டேன். இறால். சின்னத் துண்டா, உப்பா. நானே கண்டுபிடிச்சது. குளுருல மீனுக்கு வாயத் தொறக்கச் சோம்பலா இருக்கும் பாரு..."

சூசை நெளிந்தான். "அத்தான்... நான் திரும்பிக் கனடா போகலையே. பெங்களூருல வேல கெடச்சிருச்சு. கார்த்திகையிலயே முடிவாயிருச்சு."

"அப்ப அந்த ஏரி? ஐஸு? ட்ரௌட்டு?"

"மீனு பிடிக்கிறது நெசந்தான் அத்தான். நான் அந்தப் பக்கமே போனதில்ல. ஐஸ் ஒடஞ்சிருமோன்னு பயம். ஏதாச்சும் மீனப் பத்தி உங்ககிட்டக் கேளுன்னு அக்காதான் சொல்லுச்சு."

ஸ்டான்லி மெதுவாகத் தலையைத் திருப்பினார். செல்வி லெக் பீஸாகப் பொறுக்கி அவர் இலையில் வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, பிறந்த வீட்டு விசேஷத்தில் அவள் முகத்தில் ஒரு நோயும் இல்லை. அது அவர் கண்ணில் பட்டது. பட்டதற்காக இன்னும் கோபம் வந்தது.

"இந்தா பாரு செல்வி! இன்னைக்கு ஏமாந்துட்டேன். கல்யாணத்துக்கு நீ குட்டிக்கரணம் போட்டாலும் என் வீட்ட விட்டு நகர மாட்டேன். இது சத்தியம்!"

"நகரவே வேண்டாங்க" என்றாள் செல்வி, இன்னொரு கரண்டி பிரியாணியைப் போட்டபடி. "கல்யாணம் திண்டுக்கல்லுலதான். அம்புட்டுப் பேரும் வந்து தங்கப்போறது நம்ம வீட்டுலதான்."